வின்மெயில்.டாட்: மூன்று நாள் திறக்காத ஒரு சத்தியக் கடதாசி

போன ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை மத்தியானம் கொழும்பிலிருந்து எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதில் இரண்டு கோப்புகள் இருக்க வேண்டும்: சத்தியக் கடதாசியின் வரைவு ஒன்று, தோட்டத்துச் சேவைக் கடிதத்தின் ஸ்கேன் ஒன்று. வந்ததோ ஒரே கோப்பு. பெயர் வின்மெயில்.டாட். அளவு 412 கிலோபைட். அழுத்தினால், எந்த மென்பொருளால் திறப்பது என்று கணினி நம்மையே திருப்பிக் கேட்டது. கடதாசியில் கைநாட்டு விழுந்தது சனிக்கிழமை காலையில். இடையில் என்ன நடந்தது, எங்கே வழி தவறினோம், கடைசியில் அகப்பட்ட காரணம் என்ன என்பதை முழுதாக எழுதி வைக்கிறேன். இதே கோப்பைப் பார்த்துவிட்டு மனம் விட்டுப்போனவர்கள் மலையகத்தில் இன்னும் பலர் இருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

நாங்கள் இருப்பது ஹட்டனில், கடைத்தெருவில் ஒரு மாடி அறை. ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறோம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேவைக் கடிதம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைக்கிறோம். சிக்கலான விஷயம் என்றால் கொழும்பில் உள்ள ஒரு சட்டத்தரணி அலுவலகத்துக்கு அனுப்புவோம். அவர்கள் காசு வாங்காமல் செய்து தருகிறவர்கள். மூன்று நாளில் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கடதாசி டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்த ஓர் அம்மாவுக்கானது. ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் மீளப்பெறலாம். சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், தொழில் கொடுப்பவரின் பங்கு 12 சதவீதம் என்று மாதாமாதம் சேர்ந்த பணம் அது. அம்மாவுக்கு 61 வயது. வேலையிலிருந்து நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் பணம் கைக்கு வரவில்லை. காரணம் ஒரே ஓர் எழுத்து. அடையாள அட்டையில் அவர் பெயர் 'ள்' என்று முடிகிறது, நிதிப் பதிவில் அந்த 'ள்' இல்லை. பெயரை ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதிய காலத்துப் பதிவுகளில் இது சர்வ சாதாரணம். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். அதைக் கொண்டு திங்கட்கிழமை அவர் பணம் கேட்டுப் போக வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை முழுவதும் நாங்கள் செய்ததில் பாதிக்கு மேல் வீண்.

"மிஸ், அட்டாச்மென்ட் திறக்குதில்லை. இன்னொரு தடவை அனுப்ப முடியுமா?" என்று கொழும்பு அலுவலகத்து மிஸ்ஸிடம் போனில் கேட்டேன். அனுப்பினார். அதே வின்மெயில்.டாட். மூன்றாம் தடவையும் அதேதான்.

"தம்பி, எங்களுக்கு நல்லாத் திறக்குதே. மத்த எல்லாருக்கும் ஒழுங்காத்தான் போகுது. உங்க கம்ப்யூட்டரை ஒருக்கா பாருங்க."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. எங்களுடையது பழைய கணினி, மழை பெய்தால் இழுபறிப்படும் இணைய இணைப்பு, இருப்பது மலையில். கோளாறு நம் பக்கம்தான் என்று நானே நம்பிவிட்டேன். வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுத்திப் பார்த்தேன். மடல் வாசிக்கும் மென்பொருளான தண்டர்பேர்டைக் கழற்றிவிட்டு மறுபடி நிறுவினேன். கோப்பின் பெயரை மாற்றி, கடைசியில் .டாக் என்று போட்டுத் திறந்தேன். பக்கம் பக்கமாகக் குப்பை எழுத்து வந்தது. அப்புறம் அவரிடம் ஸிப் செய்து அனுப்பச் சொன்னோம். அதுவும் வின்மெயில்.டாட் ஆகத்தான் வந்து சேர்ந்தது. கடைசியில் அவர் திரையைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வாசிக்கலாம், ஆனால் கைநாட்டு வைக்கும் கடதாசியாக அதை அச்சிட முடியாது.

அன்று சாயங்காலம் அம்மா மகளோடு வந்தார். மகளும் அதே தோட்டத்தில்தான் வேலை. அன்றைக்குப் பேர் போடாமல் வந்திருந்தார். ஒரு நாள் சம்பளம் போனது போனதுதான். "நாளைக்கு வரட்டா தம்பி?" என்று அம்மா கேட்டபோது என்னால் நிச்சயமாக ஆம் என்று சொல்ல முடியவில்லை.

அன்றைக்கே எங்கள் கண்முன் ஒரு தடயம் இருந்தது. மத்தியானம் அந்த மிஸ் "இப்போது கிடைத்ததா?" என்று ஒரே வரியில் ஒரு மடல் எழுதியிருந்தார். அதில் அவர் எந்தக் கோப்பையும் இணைக்கவில்லை. ஆனாலும் அந்த மடலோடும் ஒரு வின்மெயில்.டாட் வந்திருந்தது, 3 கிலோபைட் அளவில். இணைப்பே இல்லாத மடலிலும் அது வருகிறதென்றால் கோளாறு இணைப்பில் இல்லை, மடல் எழுதப்படும் விதத்தில் இருக்கிறது. அதைப் பார்த்தும் யோசிக்காமல் விட்டது என் தவறு. யோசித்திருந்தால் ஒரு நாள் மிஞ்சியிருக்கும்.

மடலின் மூலத்தைப் பார்த்தது

வெள்ளிக்கிழமை காலை, மறுபடி அனுப்பச் சொல்வதை நிறுத்திவிட்டு, வந்த மடலையே உடைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். தண்டர்பேர்டில் மடலைத் திறந்துகொண்டு கன்ட்ரோலும் யூவும் சேர்த்து அழுத்தினால் மடலின் மூலம் அப்படியே வரும். ஜிமெயில் வைத்திருப்பவர்கள் மடலின் மூன்று புள்ளிப் பட்டியலில் அசலைக் காட்டச் சொல்லலாம். பார்ப்பதற்குப் பயமாக இருக்கும். வாசிக்க வேண்டியது நான்கைந்து வரிதான்.

தலைப்பு வரிகளில் அனுப்பிய மென்பொருள் மைக்ரோசொஃப்ட்டின் அவுட்லுக் என்று இருந்தது. கொஞ்சம் கீழே எக்ஸ்-எம்எஸ்-டிநெஃப்-கோரிலேட்டர் என்று ஒரு வரி. சாதாரண மடல்களில் நான் அதைப் பார்த்ததே இல்லை. இன்னும் கீழே மடலின் இரண்டு பகுதிகள். முதலாவது வெறும் எழுத்து: "இணைப்பைப் பார்க்கவும்." இரண்டாவதின் வகை, பிடிஎஃப் என்றோ வேர்ட் என்றோ போட்டிருக்க வேண்டிய இடத்தில், அப்ளிகேஷன் சாய்கோடு எம்எஸ்-டிநெஃப் என்று இருந்தது. அதன் கீழே பேஸ்64, அதாவது கோப்பை அச்செழுத்துகளாக மாற்றிய எழுத்துக் கட்டு ஆரம்பமாகிறது. முதல் ஐந்து குறிகள்: சிறிய ஈ, பெரிய ஜே, 8, கூட்டல் குறி, பெரிய ஐ. இந்த வகைக் கோப்பு எல்லாமே இப்படித்தான் ஆரம்பிக்கும். ஏனென்றால் அதன் முதல் நான்கு பைட்டுகள், கணினிக்காரர்களின் பதினாறடி எண் முறையில், எப்போதும் 78, 9எஃப், 3ஈ, 22. கோப்பு பழுதாகியிருந்தால் அந்த நான்கும் சரியாக இருக்குமா என்பதே சந்தேகம். அளவும் கணக்கோடு ஒத்துப் போனது: மிஸ்ஸிடம் கேட்டபோது அவருடைய இரண்டு கோப்பும் சேர்த்து 400 கிலோபைட் சொச்சம் என்றார். அப்படியானால் உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கிறது, உறை மட்டும்தான் நமக்குப் புரியவில்லை.

இந்த உறையின் பெயர்தான் டிநெஃப், மைக்ரோசொஃப்ட்டின் சொந்தப் பொதி முறை. அது ஏன் நமக்குப் புரியவில்லை என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மின்னஞ்சல் ஆரம்பத்தில் எழுத்தை மட்டும் சுமந்தது. 1982இல் ஜொனதன் போஸ்டல் எழுதிய, மடலைக் கடத்தும் எஸ்எம்டிபி விதிகள் 7 பிட் எழுத்துகளைத்தான் கடத்தின. படமோ கணக்குக் கோப்போ அந்த வழியில் நேராகப் போகாது. 1980இலேயே மேரி ஆன் ஹோர்டன் யூயூஎன்கோட் என்ற உபாயத்தைச் செய்திருந்தார். கோப்பை அச்செழுத்துகளாக மாற்றி மடலின் உடலிலேயே ஒட்டிவிடுவது அது. எந்த முறையில் மாற்றியது என்று வாங்குபவர் தெரிந்திருக்க வேண்டும், அதைப் பிரிக்கும் கருவியும் அவரிடம் இருக்க வேண்டும். 1992இல் நத்தானியேல் போரென்ஸ்டீனும் நெட் ஃப்ரீடும் மைம் என்ற பொது முறையைக் கொண்டுவந்த பிறகுதான், யார் அனுப்பினாலும் யார் வாங்கினாலும் இணைப்பு திறக்கும் என்ற நிலை வந்தது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் இதை இப்படித்தான் சொல்வேன். தொழிற்சாலையிலிருந்து கொழும்பு ஏலத்துக்குத் தேயிலைச் சாக்குகள் போகின்றன. ஒவ்வொரு சாக்கின் மேலும் தோட்டத்துப் பெயர், தரம், இன்வொய்ஸ் இலக்கம், நிறை எல்லாம் அடித்திருக்கும். களஞ்சியத்தில் நிற்பவர் சாக்கைப் பிரிக்காமலே எது பிஓபி, எது டஸ்ட் என்று பார்த்து அடுக்கிவிடுவார். மைம் முறை அதுதான்: ஒவ்வொரு பகுதியின் மேலும் அதன் வகையும் பெயரும் எழுதியிருக்கும். டிநெஃப் என்பது எல்லாச் சாக்கையும் ஒரு பெரிய சாக்குக்குள் போட்டுத் தைத்து, உள்ளே இருப்பதை அந்தத் தொழிற்சாலையின் சொந்தக் குறியில் எழுதி அனுப்புவது. அதே குறி தெரிந்த களஞ்சியத்தில் எந்தக் கஷ்டமும் இல்லை. மற்ற இடத்தில் அது ஒரு பெரிய சாக்கு, அவ்வளவுதான்.

மைக்ரோசொஃப்ட் இந்த முறையை வைத்ததற்கும் காரணம் உண்டு. அவுட்லுக்கின் ரிச் டெக்ஸ்ட் வடிவத்தில் எழுதும்போது எழுத்தின் நிறம், உடலின் நடுவில் பதித்த கோப்பு, வாக்களிக்கும் பொத்தான் மாதிரிப் பல விஷயங்கள் அந்த மென்பொருளுக்கே உரியவை. அவற்றை இழக்காமல் கொண்டுபோக ஒரு தனிப் பொதி தேவைப்பட்டது. இரு முனையிலும் அவுட்லுக் இருந்தால் பொதி தானாகப் பிரிந்துவிடும். நடுவில் ஒரு பொதி இருந்ததே யாருக்கும் தெரியாது. அந்த மிஸ் தன் அலுவலகத்துக்குள் எத்தனை தடவை சோதித்துப் பார்த்தாலும் கோளாறு தெரியாமல் போனது இதனால்தான். இந்தப் பிரச்சினையில் பலரைக் கஷ்டப்படுத்துவதும் இதுதான்: அனுப்புகிறவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. வாங்குகிறவர்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, நிரூபிக்கவும் வேண்டியிருக்கிறது.

பிரித்தெடுத்தது, பிறகு பாமினி

அவசரத்துக்கு முதலில் கோப்பைப் பிரித்தோம். என்னிடம் லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினி ஒன்று இருக்கிறது. அதில் டிநெஃப் என்ற பெயரிலேயே ஒரு சின்ன இலவச நிரல் உண்டு. அந்தப் பெயரைத் தட்டெழுதி, பக்கத்தில் கோப்பின் பெயரைக் கொடுத்தால் அடுத்த நொடியே உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். வந்தது. ஒரு வேர்ட் கோப்பு, ஒரு பிடிஎஃப். மூன்று நாளாகக் காத்திருந்தது அவ்வளவுதான்.

இணையத்தில் கோப்பை ஏற்றினால் பிரித்துத் தரும் தளங்களும் இருக்கின்றன. எங்கள் நிலையத்தில் அவற்றைத் தொடக் கூடாது என்று வைத்திருக்கிறோம். ஓர் அம்மாவின் அடையாள அட்டை இலக்கமும் சேவை விவரமும் யாரென்றே தெரியாத ஒருவரின் சேர்வரில் போய் உட்காருவது சரியில்லை. லினக்ஸ் இல்லாதவர்களுக்கு விண்டோஸிலேயே ஓடும் இலவசப் பிரிப்பான்கள் உண்டு, கோப்பு நம் கணினியை விட்டு வெளியே போகாமல் வேலை முடியும்.

பிடிஎஃப் நன்றாகத் திறந்தது. வேர்ட் கோப்பைத் திறந்ததும் எனக்கு வயிறு கலங்கியது. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்து, நடுநடுவே அரைப்புள்ளி. பிரிக்கும்போது கோப்பு கெட்டுவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தேன். அப்புறம் ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன்: ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. இலங்கையில் தமிழ் தட்டெழுதிய யாருக்கும் அது தெரியும். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்புக்குள் பதிவது இந்த ஐந்து குறிதான். கோப்பில் எந்தப் பழுதும் இல்லை. என் மடிக்கணினியில் பாமினி எழுத்துரு இல்லை, அவ்வளவுதான்.

திரையில் வரும் குப்பை எல்லாம் ஒரே குப்பை இல்லை. நம்மூர் ஆட்கள் இதைப் பிரித்தறியப் பழகிவிட்டால் பாதி நேரம் மிச்சம். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து, ஆனால் சொல்லுக்குச் சொல் இடைவெளி ஒழுங்காக வந்தால் அது பாமினி மாதிரியான பழைய எழுத்துரு. தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஏ, அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், இது திரும்பத் திரும்ப வந்தால் அது யூனிகோட் தமிழ். வாசிக்கும் மென்பொருள் அதை வேறு குறியேற்றமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. தமிழ் எழுத்துகள், யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில், ஈ0 ஏஈ அல்லது ஈ0 ஏஎஃப் என்ற இரண்டு பைட்டோடு தொடங்குவதால்தான் அந்த ஒரே உருவம் வரிசையாக வருகிறது. வெறும் கட்டம் கட்டமாக வந்தால் யூனிகோட் சரி, அதைக் காட்டும் எழுத்துரு இல்லை. ஒன்றுமே திறக்காமல் வின்மெயில்.டாட் என்று மட்டும் நின்றால் உறையில் சிக்கல். முதல் மூன்றுக்கும் அனுப்பியவரை மறுபடி அனுப்பச் சொல்லிப் பயனில்லை.

பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் கருவிகள் நிறைய இருக்கின்றன. என் கூட வேலை செய்யும் அக்கா அப்படி மாற்றி அச்சிடலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். சாதாரணக் கடிதம் என்றால் மாற்றலாம். இது பெயரின் கடைசி எழுத்தைப் பற்றிய சத்தியக் கடதாசி. பாமினியில் 'ள' என்பது எஸ், அதன் புள்ளி என்பது அரைப்புள்ளி. 'ள்' இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் இரண்டே இரண்டு விசைத்தட்டு. மாற்றும்போது எங்காவது ஓர் அரைப்புள்ளி நழுவினால் கடதாசி தன் வேலையைச் செய்யாது. அதனால் எழுத்துருவை நிறுவி, சட்டத்தரணி அலுவலகம் அடித்தபடியே வைத்து, இரண்டு பெயரையும் அடையாள அட்டையோடும் நிதிப் பதிவோடும் ஒன்றுக்கு மூன்று தடவை ஒத்துப் பார்த்துவிட்டு அச்சிட்டோம். சட்டம் சம்பந்தப்பட்ட கோப்பில் எழுத்துருவை மாற்றாமல் விடுவதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து.

ஏன் எங்களுக்கு மட்டும்?

அம்மாவின் வேலை முடிந்தது. காரணம் இன்னும் பிடிபடவில்லை. "மத்த எல்லாருக்கும் ஒழுங்காத்தான் போகுது" என்று மிஸ் சொன்னது என் மனதில் நின்றது. அது உண்மையென்றால் அவருடைய அவுட்லுக்கின் பொது அமைப்பு தவறாக இருக்க முடியாது. போனில் வைத்துக்கொண்டே பார்க்கச் சொன்னேன். கோப்பு, விருப்பங்கள், மெயில் என்று போனால் புதிய மடலை எந்த வடிவத்தில் எழுதுவது என்று இருக்கும். அதில் எச்டிஎம்எல் என்றுதான் இருந்தது. கீழே, ரிச் டெக்ஸ்ட் மடலை வெளியாருக்கு அனுப்பும்போது என்ன செய்வது என்ற இடத்திலும் எச்டிஎம்எல்லுக்கு மாற்று என்றே இருந்தது. இரண்டும் சரி.

அப்போது ஒரு சோதனை செய்தோம். இந்த மூன்று நாளில் உருப்படியாகச் செய்த வேலை இது ஒன்றுதான். எங்கள் நிலையத்துக்குச் சொந்த டொமைனில் இரண்டு முகவரி உண்டு. பொது முகவரி ஒன்று, என் பெயரில் ஒன்று. இரண்டும் ஒரே சேர்வரில், ஒரே கணினியில், ஒரே தண்டர்பேர்டில் திறப்பவை. மிஸ்ஸிடம் அதே கோப்பை இரண்டு முகவரிக்கும் தனித்தனி மடலாக அனுப்பச் சொன்னேன். ஒரு நிமிடத்துக்குள் இரண்டும் வந்தன. பொது முகவரியில் வின்மெயில்.டாட். என் முகவரியில் வேர்ட் கோப்பு, தன் சொந்தப் பெயரோடு.

எங்கள் கணினி குற்றமில்லை, இணைய இணைப்பு குற்றமில்லை, சேர்வர் குற்றமில்லை, கோப்பும் குற்றமில்லை. வேறுபட்டது முகவரி ஒன்றுதான். அப்படியானால் அந்த முகவரியைப் பற்றி மிஸ்ஸின் அவுட்லுக் தனியாக எதையோ நினைவில் வைத்திருக்கிறது.

அவுட்லுக் இரண்டு இடத்தில் நினைவு வைக்கும். முகவரியின் முதல் எழுத்தை அடித்ததும் கீழே இறங்கி வரும் பட்டியல் ஒன்று. அதில் எங்கள் முகவரிக்குப் பக்கத்தில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தி நீக்கச் சொன்னேன். நீக்கிவிட்டு, முகவரியை முழுதாக அடித்து மறுபடி அனுப்பினார். மறுபடியும் வின்மெயில்.டாட். சரி, அடுத்தது தொடர்புப் பட்டியல். எங்கள் பெயரில் அங்கே ஓர் அட்டை இருந்தது. அதைத் திறந்து, மின்னஞ்சல் முகவரியை இரட்டைச் சொடுக்கிப் பார்த்தபோது இணைய வடிவம் என்ற இடத்தில், அவுட்லுக் ரிச் டெக்ஸ்டில் அனுப்பு என்று தேர்ந்திருந்தது. பழைய கணினியிலிருந்து தொடர்புகளை இறக்கியபோது அதோடு வந்த அமைப்பு அது. யாரும் தெரிந்து செய்ததில்லை. பொது அமைப்பு என்ன சொன்னாலும் அட்டையில் உள்ளது அதை மீறிவிடும். எது பொருத்தமோ அதை அவுட்லுக்கே தீர்மானிக்கட்டும் என்ற தேர்வுக்கு மாற்றி, சேமித்து, அனுப்பினார்.

தண்டர்பேர்டில் காகித ஊக்குப் படத்துக்குப் பக்கத்தில் 2 என்று வந்தது. கீழே இரண்டு கோப்பின் பெயரும்.

"வந்துருச்சு மிஸ்!" என்று நான் கத்தியதில் கீழ்க்கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்தார்.

மிஸ்ஸின் அலுவலகம் முழுவதும் மைக்ரோசொஃப்ட்டின் எக்ஸ்சேஞ் என்ற மடல் சேர்வரில் இருப்பதால், இதை ஒவ்வோர் அட்டையாகத் தேடாமல் ஒரே இடத்தில் அடைக்கவும் வழி உண்டு. சேர்வரின் நிர்வாகப் பகுதியில் ரிமோட் டொமைன் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதில் டிநெஃப்புக்கு மூன்று நிலை: எப்போதும் அனுப்பு, ஒருபோதும் அனுப்பாதே, எதுவும் சொல்லாதே. மூன்றாவதுதான் வழக்கமாக இருக்கும். அப்போது அனுப்புகிறவரின் கணினி சொல்வதே நடக்கும். ஒருபோதும் அனுப்பாதே என்று வைத்துவிட்டால் எந்த அட்டையில் என்ன இருந்தாலும் வெளியே போகும் மடல் மைம் முறையிலேயே போகும். அவர்களுடைய கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் அடுத்த வாரம் அதையும் செய்துவிட்டார். அவுட்லுக் பாவிக்காத ஆட்களோடு கடிதப் போக்குவரத்து வைத்திருக்கும் எந்த அலுவலகமும் இதைச் செய்து வைக்கலாம். அதனால் இழப்பதாக எனக்கு எதுவும் தெரியவில்லை.

திரும்பிப் போன வழியில்

சனிக்கிழமை காலை சமாதான நீதவான் முன்னால் கடதாசி வாசிக்கப்பட்டது. அம்மா இரண்டு பெயரையும் தன் காதால் கேட்டு, ஆமாம், இரண்டும் நான்தான் என்று சொல்லிவிட்டுப் பெருவிரலை மையில் அழுத்தினார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பட்ட அந்த விரலில் ரேகை தேய்ந்திருந்தது. முதல் தடவை சரியாகப் பதியவில்லை, இரண்டாம் தடவை துணியால் துடைத்து வைத்தோம்.

கொழும்புக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும். அக்கா எல்லாப் பக்கத்தையும் 600 புள்ளி நுணுக்கத்தில், நிறத்தோடு ஸ்கேன் செய்திருந்தார். பிடிஎஃப் 19.2 மெகாபைட் ஆகியிருந்தது. எங்கள் சேர்வரின் எல்லை 25 மெகாபைட் என்பதால் போய்விடும் என்று நினைத்தார். மடல் திரும்பி வந்தது. பேஸ்64இல் மூன்று பைட் நான்கு எழுத்தாகிறது, 76 எழுத்துக்கு ஒரு தடவை வரியும் முறிகிறது. 19.2 என்பது வழியில் 26ஐத் தாண்டிவிடும். 25 என்று சொன்னால் நிஜத்தில் 18க்கு மேல் ஏற்றக் கூடாது. 200 புள்ளியில், கறுப்பு வெள்ளையில் எடுத்ததும் 2 மெகாபைட்டுக்குள் அடங்கியது. கைநாட்டு தெளிவாகவே தெரிந்தது.

இன்னொரு சின்ன விஷயமும் உண்டு. கோப்புக்கு அக்கா 'சத்தியக்கடதாசி' என்று தமிழிலேயே பெயர் வைத்திருந்தார். நமக்கு அது ஒன்பது எழுத்து. யூனிகோட் கணக்கில் 14 குறி, யூடிஎஃப்-8இல் 42 பைட், மடலின் தலைப்பில் அதைச் சதவீதக் குறி போட்டு எழுதும்போது 126 எழுத்து. ஒரே வரியில் கொள்ளாமல் அதைத் துண்டு துண்டாக வெட்டி எழுத வேண்டும். அதற்கான விதி 1997இல் வந்தது. புதிய மென்பொருள்கள் ஒட்டிப் படித்துவிடும். கொழும்பு அலுவலகத்தில் கோப்புகளைச் சேர்த்து வைக்கும் பழைய மென்பொருள் ஒட்டவில்லை. பிடிஎஃப் என்ற வால் அறுந்து, பெயரில்லாத கோப்பாக அது உட்கார்ந்திருந்தது. தமிழ்ப் பெயர் வைப்பதை விட எனக்கு மனமில்லை, எங்கள் கணினியில் எல்லாக் கோப்பும் தமிழ்ப் பெயரில்தான் இருக்கின்றன. வெளியே அனுப்பும் பிரதிக்கு மட்டும் இப்போது ஆங்கில எழுத்தில் சின்னப் பெயரும் இலக்கமும் வைக்கிறோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், காரணம் தெரிந்த கையோடு, அந்த மிஸ் வீட்டுக்குப் போகாமல் தன் தொடர்புப் பட்டியலில் இருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருக்கிறார். அதே அமைப்போடு இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். பதுளையில் இரண்டு பேர், பண்டாரவளையில் ஒருவர், தலவாக்கலையில் ஒருவர், மற்ற இருவர் கொழும்பிலேயே. பல மாதமாகப் பதில் எழுதாதவர்கள் என்று அவர் குறித்து வைத்திருந்த பெயர்களில் நான்கு அதில் இருந்தன.

திங்கட்கிழமை மத்தியானம் எனக்குப் போன் செய்தார். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாரா, கடதாசியை எடுத்துக்கொண்டார்களா என்று முதலில் கேட்டார். எடுத்துக்கொண்டார்கள் என்றேன். பிறகு சொன்னார்: ஆறு பேருக்கும் எல்லாக் கோப்பையும் சனிக்கிழமையே மறுபடி அனுப்பிவிட்டாராம். பண்டாரவளைக்காரர் அன்று பின்னேரமே பதில் எழுதியிருக்கிறார். பங்குனி மாதத்திலிருந்து அந்தப் படிவத்துக்குத்தான் காத்திருந்ததாகவும், நீங்கள்தான் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்ததாகவும்.